லிஃப்டர் எதைப் பார்த்தாள்

கோச் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து இருபதுக்கு. லேபிலிருந்து வந்து நான் இன்னும் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாத மனிதர் அவர். எங்கள் சுரங்க டவுன்ஷிப்பின் வாலிபால் அணிகளுக்கு முப்பது ஆண்டுகளாக அவர்தான் கோச். வாசலில் செருப்பை விடும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கல்லூரிப் பெண்களுக்கான மண்டல அணியை எங்கள் மைதானத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். மூன்று நாள் ஆட்டம். மற்ற இடங்களைப் பற்றி அவருக்குக் குழப்பம் இல்லை. லிஃப்டர் இடம் ஒன்றில்தான் சிக்கல்.

"ரெண்டு பிள்ளைங்க வருது, எடம் ஒண்ணுதான்," என்றார். "கை யாருக்கு நல்லாருக்குன்னு நான் பாத்துக்கிடுவேன். மண்டை யாருக்கு நல்லாருக்குன்னு நீங்க எழுதித் தாங்கம்மா."

நான் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட வலைக்கு மேல் அனுப்பியதில்லை. டவுன்ஷிப் போட்டிகளில் பத்தொன்பது ஆண்டுகளாக ஸ்கோர் மேசையில் உட்காருகிறேன், அவ்வளவுதான். என் கையெழுத்து புரியும், நான் கைதட்ட மாட்டேன் என்ற இரண்டு காரணங்களுக்காக என்னைக் கூப்பிடுகிறார்கள். பகலில் லேபில் பழுப்பு நிலக்கரியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கிறேன். சாயங்காலம் புள்ளிகளை எழுதுகிறேன். இரண்டிலும் கைதட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

வாலிபால் பார்க்காதவர்களுக்காக லிஃப்டர் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தார் பந்தை மூன்று முறைதான் தொடலாம். முதல் தொடுதல், எதிரியின் சர்வீஸை வாங்கி உயர்த்துவது. மூன்றாவது, ஓங்கி அடிப்பது. நடுவில் இருக்கிற ஒரு தொடுதலுக்குச் சொந்தக்காரிதான் லிஃப்டர். இடப்பக்கம் நிற்பவளுக்கா, வலப்பக்கம் நிற்பவளுக்கா, நடுவில் ஓடி வருபவளுக்கா, எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் பந்து கைக்கு வருமுன்பே அவள் மனதில் முடிவாகியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் தடுப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே பார்க்கவும் வேண்டும். புள்ளி வந்தால் கைதட்டு அடித்தவளுக்கு. வராவிட்டால் முறைப்பு லிஃப்டருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகன் வழக்கம்போல வீடியோவில் பேசினான். இதைச் சொன்னதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவனுடைய கல்லூரியில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஒருவகை ஃபுட்பால் ஆடுகிறார்கள். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒருவன். பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று அவன் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் நாலைந்து தடியர்கள் அவனைச் சாய்க்க ஓடி வருவார்களாம்.

"நம்ம லிஃப்டர்தான் சித்தி," என்றான். "ஒண்ணே ஒண்ணு, லிஃப்டர யாரும் வந்து கீழ தள்ள மாட்டாங்க."

அந்தக் குவார்ட்டர்பேக்கை எப்படி எடை போடுகிறார்கள் என்று கேட்டேன். எறிந்த பந்தைத் தன் அணிக்காரன் பிடித்தானா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்றான். நல்ல முடிவு எடுத்தும் பந்து நழுவலாம். மோசமான முடிவு எடுத்தும் அதிர்ஷ்டத்தில் புள்ளி வரலாம். அதனால் ஆட்டத்தின் வீடியோவை நிறுத்தி வைத்து, இந்த இடத்தில் நீ எதைப் பார்த்தாய் என்று அவனிடமே கேட்பார்களாம். அதற்கு வருகிற பதிலுக்குத்தான் மார்க்.

எனக்கு அது பிடித்திருந்தது. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து நான்கு கட்டங்கள் போட்டேன். பந்து லிஃப்டரிடம் எப்படி வந்தது, எதிரே தடுப்பு எங்கே நின்றது, யாருக்குக் கொடுத்தாள், அது சரியா தப்பா. புள்ளி கிடைத்ததா என்பதற்கு வேண்டுமென்றே கட்டம் போடவில்லை. "எதைப் பார்த்தாய்" என்ற கேள்விக்கும் போடவில்லை. மூன்று மணிக்குத் தொட்ட பந்தை ஆறு மணிக்கு எந்தப் பெண் நினைவில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அது என் தப்பு.

மைதானத்தில் தேர்வாளர்கள் மூன்று பேர். கோச், நான், அப்புறம் பி.டி. மேடம். அவர் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை, நாற்பது வயது, கலகலப்பானவர், என்னை அக்கா என்பார். அடிப்பவர்களிலேயே சிறந்தவள் என்று எல்லோரும் சொல்லும் பெண் அவருடைய மாணவி.

லிஃப்டர்களில் ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம். நோட்டிலும் அப்படித்தான் 'உ' என்றும் 'கு' என்றும் எழுதினேன். உயரமானவள் டவுன்ஷிப் பெண். எங்கள் பிளாக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு, முதலாமாண்டு படிக்கிறாள், ஆறாம் வகுப்பிலிருந்து கோச்சிடம் பழகியவள். அவள் தூக்கும் பந்து சுழலவே சுழலாது. எடுத்துக்கொள் என்று அலமாரியில் வைத்ததுபோல நிற்கும். குள்ளமானவள் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம், இரண்டாமாண்டு. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பலா சீசன் முடிகிற நேரம். ஒரு டப்பா நிறையச் சுளை கொண்டுவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஸ்கோர் மேசையில் வைத்தாள்.

அவளுடைய விரல் நுனிகள் கறுத்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தன. லீவு நாளில் அம்மாவோடு முந்திரி உடைக்கப் போவதாகவும், ஓட்டு எண்ணெய் பட்டால் அப்படித்தான் ஆகும் என்றும் சொன்னாள். இந்தக் கையோடு பந்தைத் தொட்டால் எரியவில்லையா என்று பி.டி. மேடம் கேட்டார்.

"பந்து மெத்துனு இருக்குதுங்க மேடம். முந்திரிதான் எரியும்."

பிறகு பி.டி. மேடம் துருவித் துருவிக் கேட்டதில் மீதியும் வந்தது. வீட்டில் அவளுக்கு ஒரு வருடம்தான் தவணை. அணியில் பெயர் வந்தால் ஆடலாம். வராவிட்டால் காலேஜ் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அந்த ஒரு வருடம் இந்த மூன்று நாளோடு முடிகிறது. இதை அவள் எங்களிடம் முறையீடாகச் சொல்லவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முழங்காலுக்கு உறை மாட்டப் போய்விட்டாள். பி.டி. மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் டப்பாவைத் திறந்தார்.

முதல் நாள் ஆட்டத்தில் பி.டி. மேடத்தின் சிறந்த மாணவி குள்ளப் பெண்ணின் பக்கம் ஆடினாள். இடது முன்மூலையில் அவள் நின்றால் எந்த லிஃப்டருக்கும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். அவளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் போதும். எதிரே அவளைத் தடுக்கப் பலமுறை ஒரே ஒருத்திதான் நின்றாள். ஆனால் குள்ளப் பெண் பந்தை வலப்பக்கம் நின்ற ஒல்லிப் பெண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒல்லிப் பெண் அடித்தால் பந்து வலைக்கு வலிக்குமோ என்று யோசித்துப் போவது போலப் போகும். அவளுக்கு எதிரே இரண்டு பேர் கைதூக்கி நிற்பார்கள். அப்போதும் அவளுக்கே கொடுத்தாள்.

நான் பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே வந்தேன். அன்று மாலை பார்த்தால் 'உ' பக்கத்தில் பெரும்பாலும் டிக். 'கு' பக்கத்தில் ஏறக்குறைய பாதி பெருக்கல்.

கோச் பக்கத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்ல துணிச்சல் இருக்கு. ஆனா தப்பா இருக்கே எல்லாம்," என்றார்.

பி.டி. மேடம் அன்று வழக்கத்துக்கு மாறாக அதிகம் பேசாமல், சுளைகளைக் கொட்டை நீக்கிக் கொட்டை நீக்கித் தின்றுகொண்டிருந்தார். பலாப்பழம்தான் காரணம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் நடந்ததைச் சொல்வதற்கு எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலரை மணிக்குச் சுரங்கத்தில் ஜெனரல் ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதும். ஊதினால், டவுன்ஷிப்பில் வளர்ந்த நாங்கள் எல்லோரும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்போம், நம் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று. கடிகாரம் கட்டாதவர்கள் வெறும் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். சப்பாத்தி மாவு ஒட்டிய கையையும் திருப்பிப் பார்ப்போம். இப்போது எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது, பலர் கையில் சரிபார்க்கக் கடிகாரமே இல்லை, ஆனாலும் பார்ப்போம். ஒரு விநாடிகூட ஆகாது. இப்படிச் செய்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது என்பதுதான் இதில் முக்கியம்.

மூன்றாவது செட். இருபத்து நாலுக்கு இருபத்து மூன்று, குள்ளப் பெண்ணின் பக்கத்துக்கு இன்னும் ஒரு புள்ளி போதும். எதிர்ப்பக்கம் முழுக்க டவுன்ஷிப் பெண்கள். அவர்களின் சர்வீஸ் வந்தது. பின்வரிசைப் பெண் அதை அழகாக வாங்கி உயர்த்தினாள். 'பந்து நன்றாக வந்தது' என்று முதல் கட்டத்தில் எழுதினேன். சங்கு ஊதியது. என் கடிகாரம் நான்கு விநாடி பின்தங்கியிருந்தது. பந்து தரையில் விழும் சத்தமும் விசிலும் கேட்டன. நிமிர்ந்தால் பந்து எதிர்ப்பக்கத்து மைதானத்தின் நட்ட நடுவில் உருண்டுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை. ஆறு பெண்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

யார் அடித்தது என்று கோச் என்னிடம் கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். அவர் பி.டி. மேடத்தின் பக்கம் திரும்பினார். கடலூரில் பிறந்தவர், அவராவது பார்த்திருப்பார் என்று நம்பினோம். கல்யாணமாகி இங்கே வந்த பதினைந்து வருடத்தில் தனக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார். மூன்று பேரும் ஏணி மேல் உட்கார்ந்திருந்த நடுவரை அண்ணாந்து பார்த்தோம். அவர் சற்று நேரம் கம்பீரமாக இருந்துவிட்டு, "பந்து விழுந்த சத்தத்துக்குத்தான் சார் ஊதினேன்," என்றார்.

தேர்ந்தெடுக்க உட்கார்ந்த மூவரும், நடுநிலையாகப் பார்க்க உட்கார்ந்த ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. லிஃப்டர் பந்தைக் கையில் நிறுத்திப் பிடித்துத் தள்ளியிருக்கலாம், அப்படியானால் புள்ளி செல்லாது என்று கோச் முணுமுணுத்தார். அந்தப் பந்தை மறுபடி ஆடவைக்கலாமா என்று யோசித்தார். அதற்குள் உயரமான பெண் மேசைக்கு வந்தாள்.

"வேணாம் சார். பந்து எங்க பக்கம்தான் விழுந்துச்சு. நான்தான் பாக்கல."

எதற்காகப் பார்க்கவில்லை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் நோட்டில் அந்த வரியில் மூன்று கட்டங்கள் காலியாக நின்றன. பத்தொன்பது ஆண்டுகளில் அப்படி ஒரு வரி எனக்கு இருந்ததில்லை. ஆட்டம் கலைந்த பிறகு, குள்ளப் பெண் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். அக்கா மகன் சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன்.

"கடைசிப் பந்துல நீ என்னம்மா பாத்தே?"

எழுந்து நின்றுவிட்டாள். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"நேத்து நான் வெளிய ஒக்காந்துகினு இருந்தப்ப சங்கு ஊதுச்சுங்க. எல்லாரும் கையப் பாத்தாங்க. நீங்க, சாரு, அந்த ஏணி மேல இருக்கறவரு, ஆடிகினு இருந்தவங்ககூட. இன்னிக்கி பந்து என் கைக்கு வரும்போது கரெக்டா ஊதுச்சு. அந்தாண்ட ஒருத்தருமே பந்தப் பாக்கல. அப்பறம் எதுக்கு இன்னொருத்தருக்குக் குடுக்கறதுன்னு நானே ஒரு விரல்ல தட்டி வுட்டுட்டங்க."

"நீ ஏன் கையப் பாக்கல?"

"எங்கூர்ல சங்கு கெடையாதுங்க. பஸ்ஸு வந்தாதான் மணி."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தூரத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த கோச் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சிரித்து முடித்த பிறகுதான் முதல் நாள் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. கடைசிப் பந்தில் இவ்வளவு பார்த்தவள், மற்ற பந்துகளில் ஒன்றுமே பார்க்காமலா கொடுத்திருப்பாள்? நோட்டைத் திறந்து, பெருக்கல் போட்ட முதல் வரியைக் காட்டினேன்.

அவள் நினைவில் எல்லாம் இருந்தது. எத்தனையாவது புள்ளி, சர்வீஸ் போட்டது யார், பந்து எந்தத் தோள் பக்கம் வந்தது என்று வரிசையாகச் சொன்னாள். ஆனால், ஏன் இடப்பக்கம் கொடுக்கவில்லை என்ற இடம் வரும்போதெல்லாம் நிறுத்திவிட்டாள். நாலாவது முறை நிறுத்தியபோது நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அதைப் பார்த்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எடப்பக்கம் நின்ன அந்தக்கா குதிச்சி எறங்கும்போது ஒத்தக் கால்ல எறங்குனாங்க மேடம். மூணாவது பந்துலேந்து. இன்னாக்கான்னு கேட்டேன், ஒண்ணும் இல்ல, நீ குடுன்னாங்க. குடுத்தா அடிப்பாங்கதான். அடிச்சிட்டு எறங்கணும் இல்லீங்களா? அதான் கொறச்சிகினேன்." பிறகு என் நோட்டைப் பார்த்தாள். "இத எழுதாதீங்க மேடம். தெரிஞ்சா அவங்கள வேணாம்னு எடுத்துருவாங்க."

மற்றப் பெருக்கல்களுக்கும் வந்தோம். இரண்டு இடத்தில் அவளே தலையாட்டினாள். ஒன்று பயத்தில் கொடுத்தது, இன்னொன்று கவனிக்காமல் கொடுத்தது, இரண்டும் தப்புதான் என்றாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. நான் டிக் போட்டிருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இதுக்கு டிக் போட்டுருக்கீங்க. இது கை வழுக்கி அங்க போய்ட்டதுங்க. நான் குடுக்கல."

அதை மட்டும் அப்போதே பெருக்கலாகத் திருத்தினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அந்த இடம் அவளுக்குக் கிடைக்க வேண்டுமானால் என் பக்கம் திருத்தப்பட வேண்டும். திருத்தினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் இன்னொரு பெண்ணின் இடம் போகலாம். லேபில் காரணம் இல்லாமல் ஓர் அளவை மாற்றி எழுதினால் அந்தத் தாளையே தூக்கிப் போட்டுவிடுவார்கள், போடவும் வேண்டும். இன்னொரு பக்கம், அந்தப் பெண் சொன்னது உண்மைதானா என்பதும் எனக்குத் தெரியாது. கெட்டிக்காரப் பெண் என்பது தெரிந்துவிட்டது. கெட்டிக்காரர்கள் காரணம் சொல்வதிலும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள்.

மூன்றாம் நாள் நான் லிஃப்டர்களைப் பார்ப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சிறந்த அடிப்பவளின் பாதங்களைப் பார்த்தேன். ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன். குதித்து இறங்கும்போது எந்தக் கால். வலது, வலது, வலது. ஒரே ஒருமுறை இரண்டு காலும் ஒன்றாகப் பட்டன, உடனே அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவதுபோலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டாள். லேஸ் அவிழவே இல்லை. தலையை மட்டுமே பார்க்கிற நாங்கள் எல்லோரும் அவள் எவ்வளவு உயரம் எம்புகிறாள் என்றுதான் மூன்று நாளும் வியந்துகொண்டிருந்தோம். அதோடு சங்கதி உறுதியாயிற்று. இடைவேளையில் முதல் நாள் பக்கத்தைப் புதிதாகப் பிரதி எடுத்தேன். இரண்டு வரி தவிர மற்றப் பெருக்கல்கள் எல்லாம் டிக் ஆயின. காரணம் என்ற இடத்தில், 'தெரியும். எழுதுவதற்கில்லை' என்று எழுதினேன்.

ஆட்டம் முடிந்து மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கோச் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"காரணம் எழுதலையே?"

காரணம் இருக்கிறது, நானே சரிபார்த்துவிட்டேன், ஆனால் சொல்ல முடியாது என்றேன்.

"பத்தொம்பது வருசத்துல நீங்க எங்கிட்ட ஒளிக்கது இதான் மொத தடவை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் சொன்னார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

பி.டி. மேடம் இரண்டு பக்கத்தையும் தன் பக்கம் இழுத்துப் படித்தார். எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, திருட்டுத்தனம் பிடிபட்டவரின் சிரிப்பு.

"அக்கா சொல்ல மாட்டாங்க சார். நான் சொல்றேன். என் பொண்ணுக்குக் கணுக்கால் சுளுக்கு. கட்டுப் போட்டுவிட்டதே நான்தான். முந்தாநாள்லேந்து சாக்ஸுக்கு உள்ள இருக்கு."

கோச் விசிலைக் கையில் எடுத்து, ஊதாமல் மறுபடி விட்டார்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

"எதிர்ப்பக்கத்துக்கும் தெரியாது சார். எங்க காலேஜ் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட சத்தியமா நான் சொல்லல. எப்படிப் பாத்தாளோ."

போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, இரண்டு வாரம் காலைத் தரையில் வைக்காமல் இருந்தால் சரியாகிவிடும், அந்தப் பெண் அணியில்தான் இருப்பாள், ஆனால் பி.டி. மேடத்தை இனிமேல் எந்தத் தேர்வுக்கும் கூப்பிடுவதாக இல்லை என்றார் கோச். அடுத்த மாதம் பையன்கள் தேர்வுக்கு மணி என்ன என்று பி.டி. மேடம் கேட்டார். இரண்டரை என்றார் கோச்.

பிறகு அவர் இரண்டு பெண்களின் பக்கங்களையும் அருகருகே வைத்துக்கொண்டார். உயரமான பெண் அவர் கையில் வளர்ந்தவள். அவள் கையை அவர்தான் உருவாக்கினார். அந்தக் கைகள் இன்னும் நல்ல கைகள்தாம் என்பது என் நோட்டிலும் இருந்தது.

"கை நம்ம பிள்ளைக்குத்தான் நல்லாருக்கு," என்றார் கடைசியில். "ஆனா கையச் சொல்லிக் குடுத்துரலாம். இந்தப் பிள்ளை கண்டதெல்லாம் எங்கன போயிச் சொல்லிக் குடுக்க? எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன்.

பட்டியலை வாசித்தபோது உயரமான பெண் கடைசிப் பெயர்வரை நேராக நின்று கேட்டாள். பிறகு மேசைக்கு வந்து தன் பக்கத்தைக் காட்டும்படி கேட்டாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. வரி வரியாகப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எனக்குத்தான டிக் அதிகம்?"

"முதல் நாள் அதிகம். அப்புறம் நான் அந்தப் பொண்ணோடதத் திருத்திட்டேன்."

ஏன் என்று கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட கேள்வியைப் பற்றியும், சங்கைப் பற்றியும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் எங்கிட்டயும் கேளுங்க ஆன்ட்டி. நானும் பாத்து வெச்சிக்கிறேன்."

கேட்கிறேன் என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தும் வைத்தேன்.

குள்ளப் பெண், பெயர் வாசித்ததும், "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில், நான் பார்க்கும்படி நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள். அவள் அப்பா எடுத்தார்.

"யப்பா, பேரு வந்துட்ச்சி." அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பந்து கைக்கு வருமுன் வலைக்கு அந்தப் பக்கம் பார்ப்பாளே, அந்த அளவு நேரம்தான். "இல்லப்பா, ஒரு வருசம் இல்ல. ரெண்டு வருசமாம். மேடம் இங்கதான் இருக்காங்க, நீயே கேளு."

போன் என் கைக்கு வந்துவிட்டது. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் இரண்டாமாண்டு. இந்த வருடம் ஒன்று, மூன்றாமாண்டில் ஒன்று. கூட்டினால் இரண்டுதான். தவறாக எதுவும் இல்லை.

"வணக்கம்ங்க. ரெண்டு வருசமாங்க மேடம்?" என்றார் அவர்.

"ஆமாங்க. ரெண்டு வருசம்."

அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. அவர் யாரையோ அதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அடிக்கற பொண்ணா எடுத்துருக்கீங்களா, தூக்கிக் குடுக்கற பொண்ணாங்களா?"

தூக்கிக் கொடுக்கிறவள் என்றேன். அவருக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. அவளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தது தன் அண்ணன் பிள்ளைகள் என்றும், வீட்டில் எல்லோரும் அடிக்கிறவர்களாகவே இருந்ததால் தூக்கிக் கொடுக்கும் வேலையைக் கடைக்குட்டி தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போதே குரல் இளகிவிட்டது. போக்குவரத்துக்கு என்ன பஸ், துணைக்கு யார் வருவார்கள், டீச்சர் கூட வருவாங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொன்னேன், தெரியாதவற்றைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கடைசியில், "சரிங்க மேடம், ரெண்டு வருசம்னா ரெண்டு வருசம், நாங்க ஒண்ணும் சொல்லல," என்று வைத்துவிட்டார்.

அவள் போனை வாங்கிப் பைக்குள் போட்டாள். அவளுடைய பஸ்ஸுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. நான்கு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"மேடம், பி.ஜி. சேந்தா இன்னும் ரெண்டு வருசம் ஆடலாம் இல்லீங்களா?"

முதலில் பஸ்ஸைப் பிடி என்றேன்.